பின் டயரின் உள் ஓரம்

"அக்கா, இதுக்குப் பஞ்சர் ஒட்டுனா எனக்குத்தான் பாவம். டயர மாத்திருங்க."

முக்கூடல் போகிற வழியில் பஞ்சர் கடைத் தம்பி இப்படிச் சொன்னது 2024 ஏப்ரலில். ஆணி ஏறியிருந்தது என் காரின் இடது பின் டயரின் நடுவில். ஒட்டிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடலாம் என்று வேப்பமரத்தடியில் நின்றிருந்தேன். அவன் டயரைத் திருப்பிப்போட்டு, வண்டிக்கு உள்பக்கமாக இருக்கும் ஓரத்தைக் காட்டினான். ரெண்டு விரல் அகலத்துக்கு ரப்பரே இல்லை. காடி அழிந்து, வழவழப்பாகி, அதற்கும் அடியில் இருக்கிற நூல் பின்னல் தெரிந்து, அதற்குள்ளிருந்து கம்பி வெளியே வந்திருந்தது. விரல் வைத்துப் பார்த்தேன். தேங்காய் நார் பிரஷ் போலக் குத்தியது. அதே டயரின் வெளி ஓரத்தில் காடி நல்ல ஆழமாக இருந்தது. பக்கவாட்டில் 2223 என்று அச்சு. 2023-ஆம் வருஷத்தின் 22-ஆவது வாரத்தில் செய்த டயர். நான் அதில் ஓட்டியது 11,000 கிலோமீட்டர்தான்.

அந்த வண்டியில் தினமும் என்னோடு ரெண்டு டீச்சர்கள் வருவார்கள். ஒருவருடைய மகளும் வருவாள். பாளையங்கோட்டையிலிருந்து பேட்டை வழியாகப் போக வர 60 கிலோமீட்டர் கிட்ட. கம்பி தெரிகிற டயரில் எத்தனை நாள் அவர்களை ஏற்றிக்கொண்டு போனேன் என்ற நினைப்பில் அன்றைக்கு முதல் பீரியடில் எனக்குப் பாடமே ஓடவில்லை. அதற்கப்புறம் ரெண்டு மாதம் இதன் பின்னாலேயே அலைந்தேன். அப்போது தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். பழைய கார் வாங்குகிறவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். அவர்களில் பத்துப் பேராவது குனிந்து பின் டயரின் உள் ஓரத்தைப் பார்த்தால் எனக்கு நிம்மதி.

முன் டயரின் உள் ஓரத்தைப் பார்ப்பது சுலபம். ஸ்டீரிங்கை முழுசாக ஒடித்தால் டயர் தானாகத் திரும்பிக் காட்டிவிடும். பின் டயர் திரும்பாது. தரையில் படுத்து, பம்பருக்கு அடியில் தலையை விட்டால்தான் கண்ணுக்குப் படும்; இல்லையென்றால் டயருக்குப் பின்னால் கையை விட்டுத் தடவ வேண்டும். 2023 மே மாதம் இந்த வண்டியை வாங்கும்போது நான் இரண்டையும் செய்யவில்லை. 2010 மாடல் செடான், 92,000 கிலோமீட்டர் ஓடியது, பெயின்ட் நன்றாக இருந்தது, ஏசி குளிர்ந்தது. பின் டயர்கள் பழசாகிவிட்டன என்று நானே ஜூலையில் புதிதாகப் போட்டுக்கொண்டேன். கழற்றிய பழைய டயர்களையாவது திருப்பிப் பார்த்திருக்கலாம். கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

வண்டி சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. 2024 பிப்ரவரியில் பின்பக்கம் 'ஊம்ம்' என்று ஒரு சத்தம், வேகம் கூடக் கூடக் கூடும். ஒரு ஒர்க்‌ஷாப்பில் வீல் பேரிங் என்று சொல்லி மாற்றினார்கள். 3,000 ரூபாய் போனது, சத்தம் போகவில்லை. ஒழுங்கில்லாமல் தேய்ந்த டயரும் அச்சு அசலாக பேரிங் போலவே சத்தம் போடும் என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

பஞ்சர் ஆன அந்த வாரமே பின்னால் ரெண்டு புது டயர். போட்ட கடையிலேயே அலைன்மென்டும், அதாவது சக்கரங்கள் சரியான கோணத்தில் நிற்கின்றனவா என்றும், பார்த்தார்கள், 400 ரூபாய். கையில் ஒரு தாளைத் தந்தார்கள். முன் சக்கரங்களின் எண்கள் எல்லாம் பச்சை, சரியாக இருக்கிறது என்று அர்த்தம். பின் சக்கரங்களுக்கான கட்டங்கள் காலி. கேட்டேன். "பேக்ல ஒண்ணும் பண்ண முடியாது டீச்சர், கம்பெனி ஃபிட்டிங்." சரி என்று எடுத்துக்கொண்டு நான்கு வழிச் சாலையில் ஏறினால், வண்டி நேராகப் போகும்போது ஸ்டீரிங் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து நின்றது. திரும்பிப் போய்ச் சொன்னேன். "ரோடு இடப்பக்கம் வாட்டமா இருக்கும், மழைத்தண்ணி வடியணும்லா, அதான்" என்றார்கள்.

ரோடு அப்படித்தான் போடுவார்கள் என்பது உண்மை. ஆனால் வண்ணார்பேட்டை வருவதற்குள் எனக்கு உறைத்துவிட்டது. ரோடு இடப்பக்கம் சரிந்தால் வண்டி இடப்பக்கம் ஓடும். அதை நேராக வைத்திருக்க நான் வலப்பக்கம் பிடிக்க வேண்டும். என் ஸ்டீரிங் நின்றது இடப்பக்கம். அவர்கள் சொன்ன காரணத்துக்கு நேர் எதிர். அப்போதே முடிவு செய்தேன், இதை நானே அளந்து பார்க்காமல் விடுவதில்லை என்று. பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவள் நான். முக்கோணவியலைப் பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதுமா?

அளப்பதற்கு முன்னால் எதை அளக்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன்.

காருக்குப் பின்னால் நின்று சக்கரத்தைப் பாருங்கள். தூண் மாதிரி செங்குத்தாக நின்றால் கேம்பர் பூஜ்யம். சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்தால் நெகட்டிவ், வெளியே சாய்ந்தால் பாசிட்டிவ். குற்றாலத்துக்கு ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு போகிற சில கார்களின் பின் சக்கரங்கள் காலை அகட்டி நிற்பது போலத் தெரியுமே, அது நெகட்டிவ் கேம்பர். இது எப்போதும் கோளாறு என்று நினைத்துவிடக் கூடாது. கம்பெனியே பின் சக்கரத்தைக் கொஞ்சம் உள்ளே சாய்த்துத்தான் வைக்கிறது. பாபநாசத்திலிருந்து மலை ஏறும்போது வளைவுகளில் வண்டியின் உடம்பு வெளிப்பக்கம் சாய்கிறது இல்லையா, அதோடு வெளிப்பக்கச் சக்கரமும் சாயும். முன்கூட்டியே உள்ளே சாய்ந்திருக்கிற சக்கரம் அந்த நேரத்தில் நிமிர்ந்து, டயர் முழு அகலத்துக்கும் தரையைப் பிடிக்கும். பல கார்களில் ஒரு டிகிரியோ ஒன்றரை டிகிரியோ இப்படி இருக்கும். அந்த அளவு சாய்வு ஒரு டயரை 11,000 கிலோமீட்டரில் தின்றுவிடாது.

டோ என்பது வேறு. அதை மேலேயிருந்து பார்க்க வேண்டும். நாம் நிற்கும்போது ரெண்டு கால் பெருவிரலும் ஒன்றையொன்று பார்த்தால் டோ-இன், விலகிப் பார்த்தால் டோ-அவுட். பின் சக்கரங்களுக்குத் துளி டோ-இன் வைப்பது வழக்கம். வண்டி நிலையாக ஓடும். இது கெட்டால்தான் ஆபத்து. சாய்ந்த சக்கரம் சாய்ந்தபடியே உருளும். திரும்பி நிற்கிற சக்கரம் போக நினைக்கிற திசை ஒன்று, வண்டி இழுத்துக்கொண்டு போகிற திசை இன்னொன்று. அப்போது டயர் உருள்வதோடு சேர்ந்து இழைக்கவும் படுகிறது, கல்லில் சந்தனக்கட்டையை இழைப்பது போல. உருளும்போது தேய்வதற்கும் இழைக்கும்போது தேய்வதற்கும் உள்ள வித்தியாசத்தை, சந்தனம் அரைத்த யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

மே விடுமுறைக்குக் கல்லிடைக்குறிச்சி வீட்டுக்குப் போனபோது அப்பாவிடம் தூக்குக்குண்டு கேட்டேன். அப்பா நாற்பது வருஷம் கொத்தனார் வேலை பார்த்தவர். இப்போது சாரம் ஏறுவதில்லை, ஆனால் சாமான் பை கதவுக்குப் பின்னால் அப்படியே தொங்குகிறது. எதற்கு என்று கேட்டார். கார் சக்கரம் சாய்ந்திருக்கிறதா என்று பார்க்க என்றேன். பையை எடுத்துக்கொண்டு அவரே முற்றத்துக்கு வந்துவிட்டார்.

வந்தவர் முதலில் காரைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார்.

"ஏட்டி, இது நான் வாட்டம் வச்சுப் போட்ட தரையாக்கும். தண்ணி தென்னைக்குப் போகணும்னு வச்சது. இதுல நிறுத்திக்கிட்டு சக்கரத்தக் குத்தம் சொல்லப்பிடாது."

தண்ணீர் டியூபைப் பிடித்துப் பார்த்தோம். ரெண்டு பின் சக்கரங்களுக்கும் நடுவில் ஒன்றரை மீட்டர் இடைவெளியில் தரை 15 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. நூற்றுக்கு ஒன்று. கண்ணுக்குத் தெரியாத இந்தச் சரிவு ஒரு சக்கரத்தின் சாய்வைக் கூட்டிக் காட்டும், மற்றதைக் குறைத்துக் காட்டும். ஓடு வைத்து மட்டம் எடுக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம், ஒரு தடவை இப்படி அளப்போம், பிறகு காரைத் திருப்பி நிறுத்தி அதே இடத்தில் இன்னொரு தடவை அளப்போம், ரெண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் தரையின் தப்பு கழிந்துவிடும் என்றார். ஐந்தாம் வகுப்போடு நின்றவர். நான் வகுப்பில் சராசரி நடத்தும்போது இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

கார் கூரையில் துண்டை விரித்து, அதன்மேல் ரீப்பர் கட்டையைக் குறுக்கே வைத்து, நுனியிலிருந்து குண்டைத் தொங்கவிட்டார். நூல் டயரில் எங்கும் படாமல், சக்கரத்துக்கு வெளியே ரெண்டு விரல் தள்ளி நின்றது. தரையில் படுகிற இடத்தில் டயர் பிதுங்கியிருக்கும், அதனால் டயரிலிருந்து அளக்கக் கூடாது; ரிம்மின் ஓரத்திலிருந்துதான் அளக்க வேண்டும். குண்டு ஆடி நிற்பதற்கு அப்பா ஒரு வாளித் தண்ணீரை அடியில் வைத்து அதற்குள் குண்டை இறக்கினார். ஆட்டம் உடனே நின்றது. நூலுக்கும் ரிம்மின் மேல் ஓரத்துக்கும் இடைவெளி 62 மில்லிமீட்டர். நூலுக்கும் கீழ் ஓரத்துக்கும் 41. இடது பின் சக்கரத்தின் வித்தியாசம் 21. வலது சக்கரத்தில் 5. காரைத் திருப்பி நிறுத்தி அளந்தபோது இடதும் 13, வலதும் 13. ஒரே ஒரு தடவை, அதுவும் இந்தப் பக்கமாக மட்டும் அளந்திருந்தால் ரெண்டு சக்கரமும் ஒன்றுபோல் இருக்கிறது என்று சந்தோஷப்பட்டிருப்பேன்! சராசரி எடுத்தால் இடது 17, வலது 9.

என் ரிம் மேல் ஓரத்திலிருந்து கீழ் ஓரம் வரை 40 சென்டிமீட்டர். அந்த நீளத்துக்கு 7 மில்லிமீட்டர் சாய்வு என்றால் ஒரு டிகிரி. ஆக இடது 2.4 டிகிரி, வலது 1.3. அப்பாவுக்கு மில்லிமீட்டர் பிடிக்காது. அங்குலத்துக்கு எட்டு நூல் என்பதுதான் அவர் கணக்கு. "எடது அஞ்சே கால் நூலு. வலது மூணு நூலு கூட இல்ல. ஒரே வீட்டுக்கு ரெண்டு தூணு, ஒண்ணு மட்டும் சாஞ்சிருக்குன்னா, சாஞ்ச தூணுக்கு அடியில என்னமோ நடந்திருக்கு" என்றார்.

பின்னால் சந்தித்த மெக்கானிக்குகளில் பாதிப் பேர் இதைச் சொல்லவில்லை. கேம்பர் எவ்வளவு என்பதைவிட, இடதுக்கும் வலதுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதுதான் முக்கியமான கேள்வி. ரெண்டு பக்கமும் ஒன்றுபோல் கூடியிருந்தால் ஸ்பிரிங் தளர்ந்து வண்டி தாழ்ந்திருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் கூடியிருந்தால் அந்தப் பக்கத்தில் ஏதோ வளைந்திருக்கிறது அல்லது கிழிந்திருக்கிறது.

டோ பார்க்க மறுநாள் காலையில் நூல் பிடித்தோம். சுவர் கட்டும்போது வரிசைக்கு வரிசை நூல் கட்டுவது போலவே, காரின் ரெண்டு பக்கமும் சக்கர நடு உயரத்தில் முன்னிருந்து பின் வரை நூல். ரெண்டு நூலுக்கும் இடைவெளி முன்னாலும் பின்னாலும் ஒன்றாக இருக்க வேண்டும், காரின் ரெண்டு பக்கமும் சமமாக விலகி இருக்க வேண்டும். இதைச் சரிசெய்யவே ஒரு மணி நேரம் ஆனது. வலது பின் சக்கரம் நூலுக்கு இணையாக நின்றது. இடது பின் சக்கரத்தில் ரிம்மின் முன் ஓரம் பின் ஓரத்தைவிட 4 மில்லிமீட்டர் நூலுக்கு நெருக்கமாக இருந்தது. சக்கரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. டோ-அவுட்.

40 சென்டிமீட்டரில் 4 மில்லிமீட்டர் என்றால் நூற்றுக்கு ஒன்று. அரை டிகிரிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். ஆனால் ஒரு கிலோமீட்டர் ஓடினால் ரெண்டு பின் சக்கரங்களும் போக நினைக்கிற இடங்களுக்கு நடுவில் 10 மீட்டர் விலகல். வண்டியின் உடம்பு அவற்றை விலக விடாது. அதனால் வண்டி கொஞ்சம் கோணலாக ஓடி, அந்த 10 மீட்டரை ஆளுக்குப் பாதியாக ரெண்டு டயர்களும் தேய்த்துக் கழிக்கின்றன. கிலோமீட்டருக்கு 5 மீட்டர். நான் பள்ளிக்கூடம் போய்வருகிற ஒரு நாளைக்கு 300 மீட்டர். 11,000 கிலோமீட்டரும் இப்படியே ஓடியிருந்தால் 55 கிலோமீட்டர். திருநெல்வேலியிலிருந்து கிட்டத்தட்ட கோவில்பட்டி வரைக்கும் ஒரு டயரைப் பக்கவாட்டில் தரையோடு இழுத்துக்கொண்டு போனால் என்ன ஆகுமோ, அதுதான் ஆகியிருக்கிறது.

ஒரு சக்கரத்தின் தப்பை ரெண்டு சக்கரமும் சேர்ந்து சுமக்கின்றன என்பதால், வலது டயரையும் தடவிப் பார்த்தேன். போட்டு ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. உள்ளங்கையை டயரின் குறுக்கே உள்ளிருந்து வெளியே கொண்டுபோனால் ஒரு மாதிரியும், வெளியிலிருந்து உள்ளே வந்தால் வேறு மாதிரியும் இருந்தது. ஒரு பக்கம் வழுக்கியது, மறுபக்கம் லேசாகப் பிடித்தது, பூனை முதுகை எதிர்த்துத் தடவுவது போல. காடிகளின் விளிம்பு ரம்பப் பல்லாக மாறத் தொடங்கியிருந்தது. டோ தப்பியதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. இடது டயர் மட்டும் ஏன் கம்பி வரை போனது என்றால், அது கூடுதலாக உள்ளே சாய்ந்து நின்றதால். அழுத்தமெல்லாம் உள் ஓரத்தில் விழ, இழைப்பும் அதே இடத்தில் விழுந்தது. தேய்த்தது டோ; எந்த இடத்தில் தேய வேண்டும் என்று சொன்னது கேம்பர்.

ஸ்டீரிங் சாய்ந்து நின்றதற்கும் அங்கேயே விடை கிடைத்தது. ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேர் ரதவீதியில் வரும்போது பார்த்திருப்பீர்கள். தேருக்கு ஸ்டீரிங் கிடையாது. சக்கரம் எந்தத் திசையில் நிற்கிறதோ அந்தத் திசையில்தான் தேர் போகும். சக்கரத்துக்கு அடியில் சறுக்குக்கட்டை கொடுத்துக் கொடுத்துத்தான் அதை வழிக்குக் கொண்டுவருவார்கள். காரின் பின் சக்கரங்களும் அப்படித்தான். அவை ரெண்டும் சேர்ந்து எந்தத் திசையைப் பார்க்கின்றனவோ, அந்தத் திசையில் வண்டியின் பின்பாதி போகும். என் பின் சக்கரங்கள் சேர்ந்து இடப்பக்கம் பார்த்ததால் பின்பாதி இடப்பக்கம் நகர, மூக்கு வலப்பக்கம் திரும்ப, அதைச் சரிக்கட்ட நான் ஸ்டீரிங்கை இடப்பக்கம் பிடித்திருக்கிறேன். பின் சக்கரத்தைப் பார்க்காமல் முன் சக்கரத்தை எவ்வளவு பச்சையாக்கினாலும் ஸ்டீரிங் நேராக நிற்காது. அலைன்மென்ட் பார்த்தால் முதலில் பின்பக்கம், அதன் திசையை வைத்துத்தான் முன்பக்கம்.

ஜூன் தொடக்கத்தில், நான்கு சக்கரத்துக்கும் அளக்கிற மிஷின் வைத்திருக்கும் ஒரு கடையைத் தேடிப் போனேன். அறுபது வயதிருக்கும் பெரியவர். அளப்பதற்கு முன்னால் அவர் செய்ததைப் பார்த்ததுமே நம்பிக்கை வந்தது. நான்கு டயரிலும் காற்று பார்த்தார். டிக்கியில் நான் வைத்திருந்த விடைத்தாள் கட்டுகளை இறக்கச் சொன்னார். ஒவ்வொரு சக்கரத்தையும் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். முன் சக்கரங்களுக்கு அடியில் சுழல் தட்டு வைத்தது போலவே பின் சக்கரங்களுக்கு அடியிலும் வழுக்குத் தட்டு வைத்தார். அது இல்லையென்றால் டயர் தரையைப் பிடித்துக்கொண்டு பொய் அளவு காட்டும்.

தாள் வந்தது. இடது பின் கேம்பர் −2°24', வலது −1°18'. இடது டோ −0°33', வலது 0°01'. அப்பாவின் வாளித் தண்ணீரும் நூலும் சொன்னது அதேதான். இந்தத் தாளைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில மிஷின் டிகிரியையும் மினிட்டையும் காட்டும், சில மிஷின் தசமத்தில் காட்டும். 0°30' என்றால் அரை டிகிரி. அதை 0.30 என்று படித்தால் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை என்று நினைத்துவிடுவோம். அறுபது மினிட் ஒரு டிகிரி. கடைக்காரர்களே இதில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

இடையில் வேறொரு இடத்தில் அளவை மாற்றக்கூடிய கேம்பர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியோடு பிடித்திருக்கும் இரும்புக் கை) வாங்கிப் போட்டால் முடிந்தது என்று ஒருவர் சொல்லியிருந்தார். பெரியவரிடம் கேட்டேன். "போடலாம் டீச்சர், தாள்ல பச்சை வந்துரும். ஆனா சாஞ்சது எதனாலன்னு தெரியாம நிமித்தி வச்சா, நாளைக்கு வேற எங்கயாவது சாயும்" என்று சொல்லிவிட்டு வண்டிக்கு அடியில் போனார். கொஞ்ச நேரத்தில் என்னையும் கூப்பிட்டார். சக்கரத்தின் மேல்பகுதியை வண்டியோடு பிடித்திருக்கும் மேல் ஆர்மில் இருக்கிற ரப்பர் புஷ் பாதி கிழிந்து, கம்பியை விட்டு நெம்பினால் வாய் திறந்தது. வண்டியின் கனம் சக்கரத்தின் தலையை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். அதைத் தடுத்து நிற்க வேண்டியது அந்த ரப்பர்தான். கழற்றிய ஆர்மைப் புது ஆர்மோடு சேர்த்துத் தரையில் வைத்தபோது பழையதில் லேசான வளைவும் தெரிந்தது.

"எங்கயாவது பள்ளத்துல பலமா அடிச்சீங்களா?"

அடித்திருக்கிறேன். 2023 டிசம்பர் 17, 18-இல் பெய்த மழையை நம் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, தாமிரபரணி ஊருக்குள் வந்தது. ஜனவரியில் பள்ளிக்கூடம் திறந்து போகும்போது, ஒரு சின்னப் பாலத்தை ஒட்டி ரோட்டின் ஓரம் அரித்துப் போயிருந்தது இருட்டில் தெரியவில்லை. இடது பின் சக்கரம் விழுந்து ஏறியது. இறங்கிப் பார்த்தேன், ரிம் நன்றாக இருந்தது, ஓட்டிக்கொண்டு போய்விட்டேன். அப்படி அடித்த பிறகு ஒரு தடவை நான்கு சக்கரமும் அளந்திருந்தால் பேரிங் செலவு, ஒரு ஜோடி டயர் செலவு, எல்லாமே மிஞ்சியிருக்கும்.

டோவை மாற்றுகிற போல்ட்தான் படுத்தி எடுத்தது. அந்த போல்ட்டின் தலையோடு மையம் விலகிய ஒரு வட்டத் தட்டு இருக்கும். போல்ட்டைத் திருப்பினால் தட்டு ஆர்மை உள்ளேயோ வெளியேயோ தள்ளி சக்கரத்தின் திசையை மாற்றும். 14 வருஷத்துத் துருவில் அது புஷ்ஷின் இரும்புக் குழாயோடு ஒட்டிப்போயிருந்தது. எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறப்போட்டும் அசையவில்லை. கடைசியில் கிரைண்டர் வைத்து ரெண்டு பக்கமும் அறுத்துத்தான் எடுத்தார்கள். 'பேக்ல ஒண்ணும் பண்ண முடியாது' என்று எனக்குச் சொன்ன இடத்தில் இந்த போல்ட் முழுசாக இருந்துகொண்டுதான் இருந்தது.

புது ஆர்ம் மாட்டும்போது பெரியவர் செய்த ஒரு வேலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். போல்ட்டை எல்லாம் கையால் ஏற்றிவிட்டு, சக்கரம் மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, கனம் முழுவதும் சக்கரத்தில் உட்கார்ந்த பிறகுதான் முழுசாக முறுக்கினார். சக்கரம் தொங்கும்போதே முறுக்கிவிட்டால் ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டி கீழே இறங்கியதும் அது நாள் முழுக்க முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். புஷ் மாற்றி ஆறு மாதத்தில் மறுபடியும் போய்விட்டது என்று புலம்புகிறவர்கள், எப்படி முறுக்கினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஆர்ம், போல்ட், கூலி எல்லாம் சேர்த்து 7,800 ரூபாய், அலைன்மென்டுக்கு 1,200.

பின்பக்கத்தில் மாற்ற இடமே இல்லாத கார்களும் இருக்கின்றன, அதையும் சொல்ல வேண்டும். மாருதி ஸ்விஃப்ட், ஹூண்டாய் ஐ20, டொயோட்டா எட்டியோஸ் போன்றவற்றில் பின் சக்கரம் ரெண்டையும் ஒரே குறுக்கு பீம் பிடித்திருக்கும். டோவும் கேம்பரும் கம்பெனியில் வைத்ததுதான். ஆனால் மாற்ற முடியாது என்பதற்காக அளக்கவே வேண்டாம் என்று ஆகாது. அந்த பீம் வளைந்திருந்தால் தாளில் தெரியும். மாற்ற முடியாத எண் மாறியிருக்கிறது என்றால் வண்டி எங்கோ அடிபட்டிருக்கிறது. சின்ன வித்தியாசத்துக்கு பீமுக்கும் சக்கர அச்சுக்கும் நடுவில் சரிவான தகடு வைத்துச் சரிசெய்யலாம், அதிகமானால் பீமை மாற்ற வேண்டும். சங்கிலி கட்டி, ஜாக்கி வைத்து வளைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் எனக்கு மனம் ஒப்பாது. ஒரு தடவை வளைந்த இரும்பை எதிர்ப்பக்கம் வளைத்து, அதன்மேல் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போக வேண்டுமா? மஹிந்திரா எக்ஸ்யூவி500 மாதிரி ஒவ்வொரு பின் சக்கரமும் தனித்தனியாக ஆடுகிற வண்டிகளில் புஷ்ஷும் ஆர்மும் அதிகம். சொகுசும் அதிகம், பழசானால் பார்க்க வேண்டியதும் அதிகம்.

பள்ளிக்கூடத்தில் யார் பழைய கார் பார்க்கப் போனாலும் இப்போது என்னைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். நான் பெயின்டைப் பார்ப்பதில்லை. ஒரு பழைய பாயை எடுத்துப் போய் விரித்து, படுத்து, பின் டயர் ரெண்டின் உள் ஓரத்தையும் டார்ச் அடித்துப் பார்க்கிறேன், குறுக்கே தடவிப் பார்க்கிறேன். பின்னால் ரெண்டு டயர் மட்டும் புத்தம் புதுசாக இருந்தால் சந்தோஷப்படாமல் பழைய டயர் எங்கே என்று கேட்கிறேன். முன் டயரின் உள் ஓரம் தேய்ந்திருந்தால் அது பின்னாலிருந்து முன்னால் மாற்றிப் போட்டதாகவும் இருக்கலாம். டயரை இடம் மாற்றுவது நல்ல பழக்கம், ஆனால் கோளாறுள்ள வண்டியில் அது கோளாறை நான்கு டயருக்கும் பங்கு போட்டு மறைத்துவிடும். பேரம் முடிவதற்கு முன்னால் நான்கு சக்கர அலைன்மென்ட் தாள் ஒன்று எடுத்துப் பார்க்கச் சொல்கிறேன். விற்கிறவர் அதற்கு ஒத்துக்கொள்ளாததால் மட்டும் ஒரு வண்டியை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

வேலை முடிந்த பிறகு வந்த தாளில் இடது கேம்பர் −1°22', வலது −1°18'. டோ இடது 0°06', வலது 0°07', ரெண்டும் உள்பக்கம். ஸ்டீரிங் நேராக நின்றது. அந்த ஞாயிற்றுக்கிழமையே வண்டியைக் கல்லிடைக்குறிச்சிக்கு எடுத்துப் போனேன். தாளை அப்பாவிடம் நீட்டினேன். வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வாளியில் தண்ணீர் பிடிக்கச் சொன்னார். ஒரு தடவை அளந்தோம், திருப்பி நிறுத்தி இன்னொரு தடவை அளந்தோம்.

"எடது மூணு நூலு. வலது மூணுக்குத் துளி கம்மி" என்றார். அப்புறம்தான் தாளை எடுத்து விரித்து, எந்த எண் எந்தச் சக்கரம் என்று கேட்டார்.